வளைவும் துளையும்

சுங்கான் என்னும் சொல்லை இன்றைய மாணவர்கள் பெரும்பாலும் அறியார். சென்ற ஆண்டு வகுப்பில் அச்சொல்லைச் சொல்லிப் பொருள் கேட்டபோது, ஏதோ ஒரு பறவை என்றார் ஒருவர். கடல்மீன் என்றார் மற்றொருவர். புகையிலையைச் சிறு கிண்ணத்தில் திணித்துப் பற்றவைத்து, குழலின் வழியே புகையை உறிஞ்சும் கருவிக்கு நம்மவர் வழங்கிய பெயர் அது. பைப் என்னும் ஆங்கிலச் சொல் வந்து அமர்ந்தபின் சுங்கான் அகராதிக்குள் ஒடுங்கிவிட்டது. எனினும், பழைய துப்பறியும் கதைகளைத் தமிழில் வாசித்து வளர்ந்த அன்பர்களுக்கு அச்சொல்லைக் கேட்டவுடன் ஒரு வடிவம் கண்முன் எழும். உதட்டிலிருந்து கீழிறங்கி, யானைத் துதிக்கையின் நுனிபோல் மீண்டும் மேல்நோக்கித் திரும்பும் வளைந்த சுங்கான்.

ஷெர்லாக் ஹோம்ஸ் அந்த வடிவத்தோடு பிணைந்துபோனது மேடையினால். கோனன் டாயிலின் கதைகளில் களிமண் சுங்கானும் பிரையர் மரச் சுங்கானும் செர்ரி மரச் சுங்கானும் வருகின்றன. 1899ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஹோம்ஸாக மேடையேறிய வில்லியம் ஜில்லெட் என்னும் நடிகர்தாம் வளைந்த சுங்கானைக் கையிலெடுத்தார். வாயில் கவ்வியபடியே வசனம் பேச அது வசதியாக இருந்தது என்பர். அவ்வசதிக்குக் காரணமும் எளியது. நேரான சுங்கானில் கிண்ணத்தின் எடை பல்லிலிருந்து விலகி நிற்கிறது. வளைந்த சுங்கானிலோ கிண்ணம் தாடைக்கு அருகில் தொங்குகிறது. நெம்புகோலின் கை குறுகுவதால் பல்லின்மேல் விழும் இழுப்பும் குறைகிறது.

நம் குடும்பத்திலும் வளைந்த சுங்கான் ஒன்று இருக்கிறது. தாய்மாமா சரக்குக் கப்பலில் எந்திர அறைப் பணியில் இருந்தவர். 1974இல் ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றில் ஒரு மாதச் சம்பளத்தின் நல்லதொரு பங்கைக் கொடுத்து அதனை வாங்கினாராம். மிகுதியாக வளைந்து, கிண்ணத்தின் வாயும் குழலின் நுனியும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடும் வகை அது. அவ்வகைக்கு 'ஊம் பால்' என்று பெயர். தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் குடியரசின் தலைவராக இருந்த பால் குரூகரை அவர் மக்கள் அவ்வாறு அழைத்தனர்; அவர் கையில் அத்தகைய சுங்கான் எப்போதும் இருந்தது. 'ஊம்' என்றால் அவர்கள் மொழியில் மாமா. அந்தப் பால் மாமாவின் ஆட்சியில்தான், 1885ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம், தமிழர் உள்ளிட்ட ஆசியர்க்கு அங்கே குடியுரிமையும் நிலவுரிமையும் இல்லை என்று விதித்தது. நம் மாமாவுக்கு இவ்வரலாறு தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மாலை வேளையும் திண்ணையும் அந்தச் சுங்கானும்தான்.

"சிகரெட் மாதிரி இது நெஞ்சுக்குள்ள போறதில்ல, வாயோட சரி" என்று மாமா சொல்வது வழக்கம். 2006இல் நாக்கின் ஓரத்தில் ஆறாத புண் ஒன்று வந்தது. வாய், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றின் புற்றுநோய்க்குச் சுங்கான் புகையும் காரணம் என்பது மருத்துவத்தில் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட செய்தி. பதினான்கு மாதங்கள் மாமா போராடினார். கடைசி மாதங்களில் பேச்சு இல்லை, எழுதிக் காட்டுவார்.

கருமாதி முடிந்த மறுநாள் அத்தை வீட்டிலிருந்த மாமாவின் பொருள்களை எல்லாம் கழுவினார். துணிகள், தட்டு, டம்ளர், அவற்றோடு சுங்கானும். அண்டாவில் கொதிக்கக் கொதிக்க நீர். வெளியே எடுத்தபோது சுங்கானின் கிண்ணத்துக்கு யாதொன்றும் ஆகவில்லை. ஆனால் வளைந்திருந்த கருங்குழல் பாதிக்கு மேல் நிமிர்ந்துவிட்டிருந்தது. "பாத்தியா தம்பி, அவரு போனதும் இதுவும் நிமிந்துக்கிச்சு" என்றார் அத்தை. அதைக் குப்பையில் எறியப் போனவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டோம். ஏன் நிமிர்ந்தது என்று அன்று எவருக்கும் விளங்கவில்லை.

அது விளங்கியது பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, டென்மார்க்கில். கணினி அறிவியல் பட்டப்படிப்பில் நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் கோபன்ஹேகனில் பணிபுரிகிறார். 2019 கோடை விடுமுறையில் அவர் அழைப்பின்பேரில் சென்றிருந்தோம். சுங்கானைப் பற்றி அவரிடம் முன்பே சொல்லியிருந்ததால், கையால் சுங்கான் செய்யும் முதியவர் ஒருவரின் பட்டறைக்கு அழைத்துச் சென்றார். பழைய குடியிருப்பொன்றின் பின்கட்டில் ஒரே அறை. ஒருவரே முதலாளி, ஒருவரே தொழிலாளி. இரண்டு பகல்கள் அங்கே அமர்ந்திருந்தோம். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டமையால் இங்கே கைவினைஞர் என்றே குறிப்பிடுகிறோம்.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சுங்கானுக்கு உகந்ததாக உலகம் ஏற்றுக்கொண்ட பிரையர், எரிக்கா ஆர்போரியா என்னும் புதர்ச்செடியின் முண்டு. மத்தியதரைக்கடலைச் சூழ்ந்த வறண்ட குன்றுகளில், கோர்சிகா, கலாபிரியா, அல்ஜீரியா, கிரேக்கம் போன்ற இடங்களில் அது வளர்கிறது. தண்டும் வேரும் கூடுமிடத்தில், மண்ணுக்குள், கட்டிபோல் ஒரு முண்டு திரளும். காட்டுத்தீ வந்து மேலே உள்ளதெல்லாம் கருகினாலும் இம்முண்டிலிருந்து செடி மறுபடி துளிர்த்துவிடும். தீயைத் தாங்கி மீள்வதற்கென்றே செடி சேர்த்து வைத்த கட்டை, பின்னர் மனிதன் வைக்கும் சிறு தீயையும் தாங்குகிறது.

பல பத்தாண்டுகள் வளர்ந்த முண்டைத் தோண்டி எடுத்து, வெடிக்காதிருக்க ஈரத்திலேயே வைத்து, வட்ட ரம்பத்தில் துண்டுகளாக அறுப்பர். பின் செம்புக் கொப்பரைகளில் பல மணிநேரம் வேகவைப்பர். மரத்தின் சாறும் துவர்ப்பும் இறங்கிவிடும். அதன்பின் நிழலில் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் உலர்த்துவர். அத்தையின் அண்டாவில் கிண்ணம் ஏன் கலங்கவில்லை என்பது அப்போதே நமக்குப் புலப்பட்டது. அது முன்னமே கொதிநீர் கண்ட மரம்.

இம்மரத்தை உலகறியச் செய்த ஊர் பிரான்சின் ஜூரா மலைப்பகுதியிலுள்ள சேன்ட் குளோட். செபமாலை மணிகள் முதலியவற்றை மரத்தில் கடைந்து வந்த அவ்வூரார் 1850களில் பிரையருக்கு மாறினர். நூறாண்டுக் காலம் அந்த ஊர் அதனாலேயே வாழ்ந்தது. இன்று அங்கே எஞ்சியிருப்பவை சில பட்டறைகளும், சுங்கானுக்கும் வைரத்துக்குமான ஓர் அருங்காட்சியகமும்.

அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வளைந்த சுங்கான் என்கிறோம். ஆனால் அதன் மரத்தை எவரும் வளைப்பதில்லை. வண்டிச் சக்கரத்துக்கும் நாற்காலிக்கும் மரத்தை ஆவியில் இளக்கி வளைப்பதுண்டு. முண்டு மரத்தில் அது நடவாது. வேண்டாத பகுதியை நீக்கி நீக்கியே வளைவை வெளிக்கொணர வேண்டும். நாம் பார்த்திருக்கக் கைவினைஞர் ஒரு துண்டைக் கையிலெடுத்து, நீரில் நனைத்து, சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நனைத்தால் மரத்தின் வரிகள் தெளிவாகத் தெரியும். வரிகள் ஓடும் போக்கில் பக்கங்கள் அமைந்தால் அங்கே நேர்க்கோடுகள் தோன்றும். வரிகள் குறுக்கே வெட்டுப்படும் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் சிறு சிறு புள்ளிகள் தோன்றும். அவற்றைப் பறவைக்கண் என்பது அவர்கள் வழக்கு. பிறகு பென்சிலால் ஒரே ஒரு கோடு வரைந்தார். பட்டை ரம்பத்தில் மூலைகளைச் சீவினார். சுழலும் மணல்தாள் தட்டின்மேல் கட்டையைப் பிடித்து, பானையை வனைபவர்போல் இரு கைகளாலும் சுழற்றிக்கொண்டே வடிவம் கொடுத்தார். மரத்தூள் கண்ணிமைகளில் படிந்திருந்தது.

தொழிற்சாலை முறையில் முதலில் துளையிடுவர்; அதன்பின் துளையைச் சுற்றி வெளிவடிவத்தைக் கடைவர். இவ்வரிசையைத் தலைகீழாக்கியவர் சிக்ஸ்டன் இவார்சன் (1910-2001). சுவீடனில் பிறந்து கோபன்ஹேகனில் வாழ்ந்தவர். முதலில் வடிவம், பிறகு துளை என்பது அவர் வகுத்த முறை. துளை முன்னே நின்று ஆணையிட்டால் மரத்தின் வரி எப்படி ஓடினாலும் கைவினைஞன் அதற்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். வடிவம் முன்னே சென்றால் மரம் சொல்வதைக் கேட்கலாம். ஸ்டேன்வெல் நிறுவனத்துக்கு அவர் வகுத்துக் கொடுத்த வடிவங்கள் வழியாக அம்முறையின் அழகு உலகெங்கும் பரவியது. அவர் மகன் லார்ஸும் பேத்தி நன்னாவும் அதே தொழிலைக் கொண்டனர். ஜப்பானிலிருந்து வந்து அவரிடம் கற்றுச் சென்றோரும் உண்டு. நாம் கண்ட கைவினைஞரும் அம்முறையைப் பின்பற்றுபவரே.

முதல்நாள் பிற்பகலில் கட்டையின் அடிப்புறத்தில் கடுகளவு கருங்குழி ஒன்று தென்பட்டது. செடி வளரும்போதே மணலோ கல்லோ உள்ளே சிக்கியதால் நேர்வது. வெளியே தெரியாது, செதுக்கச் செதுக்கத்தான் வெளிப்படும். கைவினைஞர் பேசாமல் சற்றுநேரம் அதைப் பார்த்தார். பின் அடிப்புறத்தை மேலும் உள்வாங்கித் தேய்த்தார். குழி மறைந்தது. கிண்ணம் நாம் காலையில் கண்டதைவிடக் குறுகி, வளைவு முன்னிலும் இறுக்கமாயிற்று. "இனி இதுதான் இதன் வடிவம்" என்றார். குழி மறையாதிருந்தால்? மூலையிலிருந்த கணப்படுப்பைக் காட்டினார். அதன் அருகே ஏறக்குறைய முடிந்த நிலையில் பத்துப் பன்னிரண்டு கிண்ணங்கள் விறகாகக் கிடந்தன.

அடுத்து வந்தது துளை. இரண்டு பகல்களில் நாம் கற்றவற்றுள் தலையாயது இதுவே. கிண்ணத்தின் மேலிருந்து கீழ்நோக்கிப் புகையிலைக்கான அறை. ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் அகலம். தண்டின் முனையிலிருந்து உள்நோக்கிப் புகைவழி. ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். இவ்விரண்டும் அறையின் அடியில், நடுவே, மயிரிழை பிசகாமல் சந்திக்க வேண்டும். புகைவழி சற்று மேலே முட்டினால் அடியிலுள்ள புகையிலை ஈரமாகி எரியாது எஞ்சும். கீழே இறங்கினால் சுவர் மெலிந்துவிடும். துளையூசி நேராக மட்டுமே செல்லும். வளைந்து செல்ல அறியாது. ஆகவே வெளியே எத்துணை வளைந்திருந்தாலும் மரத்துக்குள் இருப்பவை இரண்டு நேர்க்கோடுகளே. அவை கூடும் கோணத்தை மறைத்துக்கொண்டு வெளியே ஒழுகி நிற்பதுதான் வளைவு. வெண்பாவின் ஓசை தங்குதடையின்றிச் செல்வதாகச் செவிக்குத் தோன்றும். அதனுள்ளே ஒவ்வொரு சீரையும் தளை பிணைத்திருப்பதை எழுதிப் பார்த்தவரே அறிவர். நமக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

துளையிட்டு முடித்ததும் கைவினைஞர் பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி ஒன்றைத் தண்டின் வழியே செலுத்தினார். தடையின்றிச் சென்று கிண்ணத்தின் அடியில் எட்டிப்பார்த்தது. வாங்குபவர் முதலில் செய்யும் சோதனையும் இதுவே என்றார். மிகுதியாக வளைந்த சுங்கானில் கம்பி நுழைவது அருமை. மிகுவளைவுக்கு இன்னொரு குறையும் உண்டு. புகையின் ஈரம் வளைவின் பள்ளத்தில் தேங்கிக் களகளவென்று ஒலிக்கும். டப்ளினில் சார்லஸ் பீட்டர்சன் என்பவர் தண்டுக்குள் புகைவழிக்குக் கீழே சிறு தேக்கம் ஒன்றைக் குடைந்து இதற்குத் தீர்வு கண்டார்; 1890இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

உண்மையாகவே வளைக்கப்படுவது கருங்குழல் ஒன்றுதான். அது எபோனைட். ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கிக் கடினமாக்கிய பொருள். கோலாக வருவதைக் கடைந்து, அரத்தால் தட்டையாக்கி, பல் கவ்வும் நுனியை மெல்லியதாக இழைத்து, நேராகவே முடித்துவிடுகிறார். பிறகு அதன் துளைக்குள் பஞ்சுக்கம்பியைச் செருகுகிறார். இல்லையேல் வளையும்போது துளை நசுங்கிவிடும். வெப்பக்காற்றில் காட்டித் திருப்பிக்கொண்டே இருக்கிறார். ஒரு கணத்தில் அது விறைப்பிழந்து வாழைநார்போல் துவள்கிறது. உருண்ட மரக்கட்டையின்மேல் வைத்து அழுத்தி, கிண்ணத்தின் வாய்க்கு இணையாக நுனி வந்துவிட்டதா என்று கண்ணால் அளந்து, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரில் அமிழ்த்துகிறார். வளைவு நிலைத்துவிடுகிறது. கடைசியாகப் பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றின் இலையிலிருந்து பெறும் கார்னௌபா மெழுகைத் துணிச்சக்கரத்தில் ஏற்றி மெருகிடுகிறார்.

அப்போதுதான் மாமாவின் சுங்கானைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். கைவினைஞர் குழலை மட்டும் கழற்றிப் பார்த்தார். "சூடு பட்டிருக்கிறது" என்றார். கொதிநீர் என்றோம். "கெட்டுப்போகவில்லை. எபோனைட்டுக்கு நினைவு உண்டு. நேராகப் பிறந்தது, நாம்தான் வளைத்தோம். மறுபடி சுட்டால் பழைய நிலைக்கே திரும்பப் பார்க்கும்." ஐந்து நிமிடத்தில் முன்போல் வளைத்துத் தருவதாகவும் சொன்னார். வெப்பக்காற்றுக் குழாயை எடுத்தும்விட்டார்.

வேண்டாம் என்றோம். காரணத்தை அவருக்கு ஆங்கிலத்தில் விளக்குவது கடினமாயிருந்தது. அந்தச் சுங்கான் இன்றிருக்கும் வடிவத்தை இருவர் செய்திருக்கிறார்கள். ஒருவர் 1974க்கு முன் எங்கோ ஒரு பட்டறையில் அமர்ந்து அதைச் செதுக்கியவர். மற்றவர் கொதிநீர் அண்டாவின் முன் நின்றவர். முன்னவரின் கைநேர்த்தியை வணங்குகிறோம். பின்னவர் கூறிய தீர்ப்பைத் திருத்தும் உரிமை நமக்கு இல்லை.

விடைபெறுமுன், நெடுநேரம் அடக்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்டோம். மாமா எப்படி இறந்தார் என்பதையும் சொல்லி, இவ்வேலை தங்களை உறுத்துவதில்லையா என்றோம். மருத்துவர் சொல்லித் தாமே புகைப்பதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகின்றன என்றார். வாங்குபவர் பலர் புகைப்பதே இல்லை, கண்ணாடிப் பேழையில் வைத்துக்கொள்கிறார்கள் என்றார். பின்னர், அவை இரண்டும் உம் கேள்விக்கு விடையல்ல என்றும் அவரே சொன்னார். "துளை நேராக இருக்கவேண்டும் என்பதற்கு நான் பொறுப்பு. அதன் வழியே என்ன போகிறது என்பதற்கு நான் பொறுப்பல்ல என்று சொல்லிக்கொள்கிறேன். சில இரவுகளில் அது போதவில்லை."

இக்கேள்வி நமக்கும் உரியதே. சீனிச்சர்க்கரைப் புலவர் என்பவர் பாடிய புகையிலை விடு தூது என்று ஒரு சிற்றிலக்கியம் உண்டு. உ.வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தார். புகையிலையையே தூதாக விடுக்கும் அந்நூலின் சிலேடைகளைச் சுவைக்காத தமிழாசிரியர் அரியர். நாமும் சுவைத்து நகைத்ததுண்டு. மாமாவின் மறைவுக்குப் பின்னும் அச்சுவை குறையவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். குறைந்தது ஒன்றுதான்: முன்போல் எளிதாகச் சிரிக்க முடிவதில்லை. நேர்த்தியாகச் செய்யப்பட்ட ஒன்று தீங்குக்கு உதவுமாயின், நேர்த்தி தீங்கைக் கழுவிவிடாது. தீங்கும் நேர்த்தியை இல்லாததாக்கிவிடாது. இரண்டையும் ஒருசேரக் கையில் வைத்திருப்பது சுமைதான்.

ஊர் திரும்பியதும் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னோம். முண்டு, செம்புக் கொப்பரை, மாதக்கணக்கான காய்ச்சல், பென்சில் கோடு, நேர்த்துளை அனைத்தையும் கேட்டார். சுங்கானைக் கையில் வாங்கி முதல்முறையாக உற்றுப் பார்த்தார். துளைக்குள் ஈர்க்குச்சி ஒன்றை விட்டுச் சோதித்தும் பார்த்தார். பிறகு சொன்னார்: "இவ்வளவு பாடுபட்டுத் துளை போடத் தெரிஞ்சவன் ஒரு புல்லாங்குழல் செஞ்சிருக்கலாமே தம்பி."

அக்கேள்வியை மாணவர் வழியாகக் கைவினைஞருக்கு அனுப்பினோம். இரு வாரங்கள் கழித்து மறுமொழி வந்தது. முண்டு மரத்தில் புல்லாங்குழலுக்கு வேண்டிய நீளம் கிடைப்பதில்லையாம். ஆனாலும் அம்மையார் சொல்வது சரி என்று எழுதியிருந்தார்.